வேலிக்கால் தரையோரத்தில் மட்டும் ஏன் இற்றுப்போகிறது?

குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ சாய்ந்து நிற்கும் பழைய மரவேலிக் காலைப் பிடுங்கிப் பாருங்கள். மேற்பகுதி திடமாக இருக்கும். ஆழப் புதைந்த நுனிகூடப் பல வேளை ஓரளவு தேறும். தரைமட்டத்தில் ஒரு சாண் மட்டும், விரலால் கிள்ளினாலே உதிரும்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போய் அங்கேயே நின்றால் அதற்குக் கொண்டாட்டம். மேலே வெயில் காயவைத்துவிடும். ஆழத்தில் காற்று குறைவு. இரண்டும் வாய்ப்பது தரையோரத்தில்தான். குளிர்நாடுகளில் பூஞ்சை பனிக்காலத்தில் ஓய்ந்திருக்கும். ஜொகூரில் அதற்கு விடுமுறையே கிடையாது. போதாக்குறைக்குக் கரையான்.

காலைச் சுற்றிச் சிமெண்ட் கொட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அடியையும் சேர்த்து மூடினால் அது தண்ணீர் தேங்கும் கிண்ணம்தான். குழியின் அடியில் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் காலை நிறுத்தி, சிமெண்டைத் தரைக்குச் சற்று மேலே வரை, வெளிப்புறம் சரியும்படி பூசவேண்டும். அதைவிட நல்லது, துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியில் காலை மண்ணில் படாமல் நிறுத்துவது. உச்சியையும் சாய்வாக வெட்டுங்கள். மரம் நீரை வேகமாக உறிஞ்சுவது வெட்டுமுகம் வழியேதான்.

மருந்தேற்றாத ரப்பர் மரத்தை மண்ணில் நடுவது வீண். செங்கால் (cengal) என்னும் கடின மரம் பல ஆண்டு தாங்கும், விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.