பார்ஸ் மூடப்பட்டபோது யாருக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது?

செயலியை மட்டும் நீங்க எழுதுங்க, சர்வரை நாங்க பார்த்துக்கறோம். 2011இல் தொடங்கிய பார்ஸ் சேவையின் சாரம் இதுதான். 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2016 ஜனவரி 28 அன்று, ஒரு வருஷத்தில் மூடப்போவதாக அறிவித்தது.

கைவிட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லணும். பார்ஸ் சர்வர் என்ற நிரலைத் திறமூலமாகக் கொடுத்தார்கள். முதல் படி, டேட்டாபேஸைச் சொந்த மோங்கோடிபிக்கு மாற்றுவது. இதற்கு ஏப்ரல் 28 வரை என்றார்கள். இரண்டாவது, பார்ஸ் சர்வரை நாமே நிறுவுவது. அதற்கு ஜூலை 28.

அப்புறம் ஏன் 2017 ஜனவரி வரை அவகாசம்? இங்கேதான் விஷயமே இருக்கு. சர்வர் நம் கையில், செயலி பயனர் கையில். பழைய பதிப்புக்குள் பார்ஸின் முகவரிதான் பதிந்திருக்கும். அப்டேட் செய்யாதவரின் செயலி, மூடும் நாளில் செத்துப்போகும். அதனால்தான் இடைக்காலத்தில் பழைய செயலி பார்ஸ் வழியாகவும், புதியது நம் சர்வர் வழியாகவும் ஒரே டேட்டாபேஸைத் தொடும்படி வைத்தார்கள். கடைசி ஆறு மாதம் பயனர்களுக்கானது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. செயலிக்குள் சேவையின் முகவரியை நேரடியாக எழுதாதீங்க. சொந்த டொமைனை நடுவில் வைத்தால், பின்னால் சர்வரை மாற்றினாலும் பழைய செயலிகள் வழி தவறாது. இன்னொன்று, டேட்டாவை மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்க. ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.