கதிரைத் தாங்கும் வளையம்

நல்லம்பள்ளியானாலும் சென்னையானாலும், நோய்க்கிருமியை வளர்த்துச் சோதிக்கும் பெட்ரித் தட்டில் வேறு கிருமி இருத்தலாகாது; இருந்தால் நோயாளிக்குக் கிடைக்கும் முடிவே பொய்யாகிவிடும். ஆனால் தட்டு செய்யப்படும் பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். கிருமி நீக்கும் நீராவிக்கலத்தின் வெப்பமோ 121 டிகிரி. என் செய்வது?

கோபால்ட்-60 வீசும் காமாக் கதிரே விடை. சூடேற்றாமல் மருத்துவப் பொருள்களைத் தூய்மையாக்கும் இம்முறைக்கு நம் நாட்டில் வழிகாட்டியது, டிராம்பேயில் 1974-இல் தொடங்கப்பெற்ற ஐசோமெட் நிலையம். வழக்கமான கதிரளவு 25 கிலோகிரே.

கிருமியின் டி.என்.ஏ.வை அறுக்கும் கதிர், தட்டை விட்டுவைப்பதேன்? பாலிஎத்திலீனில் கதிரின் ஆற்றல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கிறது. ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. சங்கிலிகள் குறுக்கே பிணைந்துகொள்கின்றன. பாலிஸ்டைரீனிலோ பென்சீன் வளையங்கள் உண்டு. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, வளையமெங்கும் பரவிய எலெக்ட்ரான்கள் அவ்வாற்றலைப் பகிர்ந்துகொண்டு, பெரும்பகுதியை வெப்பமாக வெளிவிடுகின்றன. எனவே வெளியேறும் ஹைட்ரஜன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே!

ஆயினும் வளையம் வச்சிரமன்று. கதிரளவு மிகுந்து, காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் தட்டு மஞ்சளாகும், சங்கிலிகள் அறும். தட்டில் கதிரியக்கம் தங்கிவிடுமோ என்ற அச்சம் மட்டும் வேண்டாம். இக்கதிர் பிணைப்பைத் தொடும், அணுக்கருவை மாற்றாது.

பாடநூலில் நாம் வரையும் அந்த அறுகோணம், எங்கோ ஒரு நோயாளிக்குக் காவலாக நிற்கிறது.