மாணவரும் உள்வாடகையும்

தருமபுரம் என்றவுடன் மாயூரத்தை அடுத்த ஆதீனமே பலருக்கு நினைவில் எழும். நாம் இங்கே குறிப்பிடுவது காரைக்காலை ஒட்டியுள்ள தருமபுரம். சம்பந்தப் பெருமானின் பதிகம் யாழில் அடங்காமற்போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்கத் துணிந்த தலம் அது. யாத்திரிகர் வந்து போன அந்தப் பிரதேசத்தை நோக்கி இப்பொழுது மாணவர் வருகின்றனர். காரைக்காலில் 1987-ல் விவசாயக் கல்லூரி ஏற்பட்டது. 2010-ல் ஸ்தாபிக்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் நடைபெறுகிறது. 2016-ல் ஜிப்மர் வைத்தியக் கல்லூரியின் கிளையும் தோன்றியது. கல்லூரி விடுதியில் இடம் பெறாதவரும், அங்கே தங்க விரும்பாதவரும் வாடகை வீட்டைத்தான் நாட வேண்டும்.

இதிலிருந்து ஒரு சங்கடம் பிறக்கிறது. இரண்டு மாணவர் கையெழுத்திட்டு ஒரு வீட்டை எடுக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை முடிந்ததும் அவர்கள் சாவியை வேறு இருவரிடம் கொடுத்து, முன்பணத்தையும் அவர்களிடமே வசூலித்துக்கொண்டு ஊர் போய்ச் சேருகின்றனர். வீட்டுக்காரர் விவரம் அறியும்போது, உள்ளே இருப்பவருக்கும் அவருக்கும் யாதொரு உடன்படிக்கையும் இல்லை. உடன்படிக்கை செய்தவரோ ஊரில் இல்லை. மின்சாரக் கட்டணம் பாக்கி நின்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். சுவர் இடிந்தாலும் குழாய் உடைந்தாலும் பொறுப்பேற்பார் எவருமில்லை.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று வீட்டுக்காரர் நம்பியிருப்பது பெரும் பிசகு. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் சிவில் சட்டம், 1717-வது பிரிவில், உடன்படிக்கை தடுக்காதவரையில் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடலாம் என்றே கூறுகிறது. பிரிட்டிஷார் 1882-ல் இயற்றிய சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவும், மாறான ஷரத்து இல்லாதவிடத்து, அதே உரிமையை அளிக்கிறது. புதுச்சேரியின் 1969-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே, எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதை வெளியேற்றுவதற்குரிய காரணமாக்கியது. ஆயினும் அந்தக் காரணத்தை ருசுப்படுத்தும் பாரம் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. வீட்டின் சுவாதீனம் கைமாறியதையும், அதற்காகப் பணம் பெறப்பட்டதையும் அவர் காட்ட வேண்டும். நண்பன் ஒருவன் நான்கு நாள் தங்கிப்போவது உள்வாடகை ஆகாது.

வேறு இரண்டு கண்ணிகளும் உள. புதிதாக வந்தவரிடம் வீட்டுக்காரர் மாதந்தோறும் வாடகை வாங்கி ரசீதும் கொடுத்துவிட்டால், “நானே குடித்தனக்காரன்” என்று அவர் வாதாட இடமுண்டாகும். இரண்டாவது, கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் சிலருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிராது. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கௌன்ஸில் 1903-லேயே தீர்ப்பளித்தது. ஆகவே தந்தையோ பாதுகாவலரோ கையெழுத்திடாத பத்திரம் வெறுங் காகிதமாய்ப் போகக்கூடும்.

யார் தங்கியிருக்கிறார் என்பதை அறியாதிருப்பது பணநஷ்டத்தோடு நிற்பதில்லை. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐவர், வங்கிக் கொள்ளையர் என்ற சந்தேகத்தின்பேரில் போலீசாரால் சுடப்பட்டு இறந்தனர். அதன்பின், குடியிருப்போர் விவரங்களைப் போலீசாரிடம் தரவேண்டும் என்று நகரத்து வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு பிறந்தது. பெயர் தெரியாத மனிதர் கையில் வீடு இருந்தால் எந்த விவரத்தைக் கொடுப்பது?

இவ்வளவும் சொன்னதால், மாணவருக்கு வீடே கொடாதீர் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. உள்வாடகை பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்று, வறுமையால் நேருவது. ஒருவரால் தாங்கமுடியாத வாடகையை நால்வர் பங்கிட்டுக்கொள்கின்றனர். அந்த வாடகையை ஏற்றியவர் யார்? ஜாதி கேட்டும் மதம் கேட்டும் கதவடைக்கும் வீட்டுக்காரர், தம் பெயரை மறைத்துப் பிறர் பெயரில் குடிவரும்படி ஏழை மாணவனைத் தாமே தூண்டுகிறார். கோபத்தில் வீட்டைப் பூட்டுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் நியாயமாகா. வெளியேற்ற நியாயஸ்தலத்தின் உத்தரவு வேண்டும்.

செய்யவேண்டுவது எளிது. பத்திரம் எழுதுக, தங்குவோர் அனைவரின் பெயரையும் அதில் சேர்க்க, ஒருவர் போய் மற்றொருவர் வருவதாயின் முன்கூட்டித் தெரிவித்து எழுத்தில் சம்மதம் பெறவேண்டும் என்ற ஷரத்தை இடுக, நியாயமான காரணமின்றி அந்தச் சம்மதத்தை மறுப்பதில்லை என்று வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்க. காரைக்கால் பிரதேசத்துத் தேசத் தொண்டர்கள் இத்தகைய ஒரு மாதிரிப் பத்திரத்தைத் தமிழில் தயாரித்துக் கல்லூரி வாயில்களில் வழங்குவார்களாயின், வீதிக்கு வீதி எழும் வழக்குகளில் பாதி எழாமலே போகும். கல்வி தேடி வந்த பிள்ளைக்கு இடமளிப்பது தருமம். அந்தத் தருமத்தைச் செய்பவர் நஷ்டமடையாதபடி காப்பதும் தருமமே.