கடல் தூண்டிலுக்கு ஏற்ற கோலும் ரீலும்

கடல் தூண்டிலுக்கு ரீல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் டிராக். முள்ளில் சிக்கிய பெரிய மீன் பாயும்போது, அதை இழுத்துப் பிடித்தபடியே நரம்பை அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்கும் பிரேக் அது.

1898இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு (83 கிலோ) எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். சுழலும் சுருளைத் தோல்பட்டை மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி நிறுத்திய காலம் அது. மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பெயர்த்துவிடும். 1913இல் அதே கடலில் வில்லியம் போஷன் 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்த ரீலில் டிராக் உள்ளேயே அமைந்திருந்தது. கைப்பிடி அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் வெளியேறியது.

நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது வழக்கம். 30 பவுண்டு நரம்புக்கு 8 முதல் 10 பவுண்டு. நரம்பின் நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தே இதைச் சரிசெய்ய வேண்டும், கைக்கணக்கு ஏமாற்றிவிடும். இவ்வளவு குறைத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. நரம்பு வெளியேற வெளியேறச் சுருளின் விட்டம் சுருங்குகிறது. விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே நரம்பின் மேல் இழுவை இரட்டிப்பாகும். நீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பைத் தண்ணீரும் சேர்ந்து இழுக்கும். மீன் தொலைவுக்கு ஓடும்போது பதறி டிராக்கை இறுக்குபவர் நரம்பைத் தாமே அறுக்கிறார். அப்போது சற்றுத் தளர்த்துவதே சரி.

ரீலின் வகையை மீன்பிடிக்கும் முறை முடிவு செய்கிறது. அந்தமானில் பாரை மீனுக்குச் செய்வதுபோல, மிதக்கும் போலி இரையைத் திரும்பத் திரும்ப வீசுவதற்கு ஸ்பின்னிங் ரீலும் ஏழரை அடிக்கு மேற்பட்ட கோலும் வசதி. ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் சென்று மார்லினையோ பெரிய சூரையையோ பிடிப்பதற்குக் கோலின் மேல்பக்கம் பூட்டும் டிரம் ரீல் வேண்டும். நின்றபடி மீனோடு மல்லுக்கட்ட ஐந்தரை, ஆறு அடிக் கோலே நல்லது. கோல் நீண்டால் மீனுக்கே நெம்பு பலம் கூடும்.

கோலுக்கு ஏற்ற நரம்பின் வலிமையும் இரையின் எடையும் அதன் அடிப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும். ரீலை அதற்குப் பொருத்தமாக எடுக்க வேண்டும். கிராஃபைட் கோல் லேசானது, இரை தொடுவதையும் கைக்கு உணர்த்தும். ஆனால் அடிபட்டால் முறியும். முரட்டுக் கையாளலைத் தாங்குவது ஃபைபர்கிளாஸ். எதுவானாலும், படகருகே வந்த மீனைத் தூக்கக் கோலைச் செங்குத்துக்கு மேல் நிமிர்த்தினால் நுனி ஒடியும்.

பின்னல் நரம்பு அதே வலிமையுள்ள நைலானைவிட மெல்லியது, இழுத்தால் நீளாது. வெறும் சுருளில் அது வழுக்குமென்பதால் அடியில் சில சுற்று நைலான் சுற்றிக்கொள்ள வேண்டும்.

கரை திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து ரீலைக் கழுவ வேண்டும். குழாயின் வேகம் உப்பை உள்ளே தள்ளிவிடும். காய்ந்தபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வைத்தால், உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்காமல் அடுத்த பயணத்திலும் சீராக வழுக்கும்.