பேம், நாம், உரும் (உரிச்சொற்கள்)

பேம், நாம், உரும் என்பன தமிழில் அச்சம் என்னும் பொருளைத் தரும் மூன்று உரிச்சொற்கள் ஆகும். தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் எட்டாவது இயலாகிய உரியியலில் இம்மூன்றையும் ஒரே நூற்பாவில் தொகுத்துக் கூறுகிறது. இக்காலத் தமிழில் இவை இப்பொருளில் வழங்குவதில்லை. எனவே பழைய நூல்களில் இவை வரும் இடங்களில் பொருள் மயக்கம் ஏற்படுவதுண்டு.

பொருள் மயக்கம்

நாம் என்பது தன்மைப் பன்மைப் பெயராகவும், உரும் என்பது இடியைக் குறிக்கும் பெயராகவும் வரும். அச்சப் பொருள் தரும் உரிச்சொற்கள் இவற்றினும் வேறானவை. திருக்குறளின் 149ஆம் குறளில் வரும் "நாமநீர்" என்னும் தொடரைப் 'பெயர்பெற்ற நீர்' என்று கொள்வது பிழையாகும். அஞ்சத்தக்க கடல் என்பதே அதன் பொருள். நாம் என்னும் உரிச்சொல் இங்கு ஈறு திரிந்து 'நாம' என நின்றது என்பது பரிமேலழகர் உரை.

அஞ்சுவதும் அஞ்சச் செய்வதும்

இச்சொற்கள் அச்சம் என்னும் உணர்வை மட்டுமே சுட்டுகின்றன. அவ்வச்சம் யாருடையது என்பதை உடன் வரும் சொல்லைக் கொண்டே அறிய வேண்டும். நாமநீரில் கடல் அஞ்சுவதில்லை. காண்போரை அஞ்சச் செய்கிறது. கபிலர் பாடிய குறுந்தொகை 87ஆம் பாடலில், ஊர் மன்றத்து மராமரத்தில் உறைந்து கொடியவரை வருத்தும் கடவுளுக்குப் "பேஎம்" (பேம் என்பதன் அளபெடை வடிவம்) அடையாக வருகிறது. அங்கும் அஞ்சுபவர் மக்களே. இங்கு 'அஞ்சும் கடவுள்' என்று பொருள் கொண்டால் பாடலின் கருத்தே தலைகீழாகிவிடும். அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அச்சம் தோன்றும் இடங்கள் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்திருப்பதும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

இலத்தீன் மொழியுடன் ஒப்பீடு

இலத்தீனில் 'திமிதுசு' என்னும் பெயரடை அஞ்சும் இயல்புடையவரைக் குறிக்கும். 'ஃபோர்மிதோலோசுசு' என்பது அஞ்சுபவர், அஞ்சச் செய்வது ஆகிய இரு பொருளிலும் வரும். ஆகவே இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எனினும் இலக்கணத்தில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. இலத்தீன் பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கு ஏற்ப உருமாறும். ஆண்பாற் பெயருடன் 'திமிதுசு' எனவும், பெண்பாற் பெயருடன் 'திமிதா' எனவும், இரண்டுமல்லாத பாலில் 'திமிதும்' எனவும் வரும். தமிழ் உரிச்சொல் இவ்வாறு பால், எண் காட்டி மாறுவதில்லை. 'நாம' என்பது போன்ற ஈற்றுத் திரிபு, அடுத்த சொல்லுடன் சேர்வதால் நிகழ்வதேயாகும்.