தேடாமல் தெரிந்த புள்ளி: அன்றும் இன்றும்

மாத்தளை மலைத்தோட்டங்களில் அன்று தலைவலிக்கு இருந்த வைத்தியம் நெற்றியில் சுக்குப் பற்று, முத்துமாரியம்மன் கோயில் திருநீறு, தோட்ட டிஸ்பென்சரி மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் மாத்தளை ஆஸ்பத்திரி. அதையும் தாண்டினால் கண்டி. மண்டைக்குள் என்ன இருக்கிறதென்று எவரும் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை.

பெரிய நாடுகளிலும் மூளையைப் பார்ப்பது சுலபமாக இருக்கவில்லை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டியது. 1919இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் டான்டி முதுகுத்தண்டு வழியே காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927இல் போர்த்துக்கலின் எகாஸ் மோனிஸ் கழுத்து நாடியில் மருந்தேற்றி மூளையின் இரத்தக் குழாய்களைப் படத்தில் கொண்டுவந்தார். இரண்டும் நோயாளியை வதைத்தன. அதனால் பலத்த சந்தேகம் இருந்தவர்களுக்கே அவற்றைச் செய்தார்கள்; தேடாத ஒன்று தற்செயலாக அகப்படுவது அரிது. சிறு கட்டிகளும் நீர்க்கட்டிகளும் அன்றும் இருந்தன. பலர் அவற்றை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்தார்கள்.

1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. வதை போனது, அதோடு அரிதும் போனது. இன்று ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ இருந்து கிளினிக் கொப்பியோடு பஸ் ஏறுகிற ஒருவர் கண்டியில் ஸ்கேன் எடுத்துத் திரும்ப முடிகிறது. உறைக்குள் இருக்கும் ஆங்கில அறிக்கையில் சில வேளை யாரும் எதிர்பாராத ஒரு வரி இருக்கும். பிள்ளை அந்தச் சொல்லைக் கைத்தொலைபேசியில் தேடியதும் வீடே கலங்கிப்போகிறது.

அந்தக் கலக்கத்துக்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் பொதுமக்கள் 2000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 63. 7.2 சதவீதத்தினரின் மூளையில், தமக்கே தெரியாமல் இரத்தோட்டம் தடைப்பட்ட பழைய தழும்பு இருந்தது. 1.8 சதவீதத்தினருக்கு இரத்தக் குழாயில் வீக்கம், 0.9 சதவீதத்தினருக்கு மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டி. நடமாடித் திரிந்தவர்களின் தலைக்குள் இருந்தவை இவை.

ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. வெண்பகுதியில் தெரியும் சிறு புள்ளிகள் வயதோடும் உயர் இரத்த அழுத்தத்தோடும் கூடுபவை. அவற்றுக்கு அழுத்தத்தையும் சீனியையும் கட்டுக்குள் வைப்பதே முதல் வேலை. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயல்ல, மெல்ல வளரும். சிறிதாக இருந்தால் கண்காணித்தாலே பல வேளை போதும். குழாய் வீக்கத்தை அசட்டை செய்யக்கூடாது. அளவு, இடம், குடும்பத்தில் மூளை இரத்தக்கசிவு இருந்ததா, புகைக்கிறாரா என்பதையெல்லாம் பார்த்து நிபுணர் முடிவெடுப்பார்.

ஆகவே வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் தலைவலிக்குக் காரணம் இதுதானா? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? திடீரென வெடிப்பதுபோன்ற கடும் தலைவலி, வலிப்பு, ஒருபக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அன்றைய பயம் ஒன்றும் தெரியாததால் வந்தது. இன்றைய பயம் பாதி தெரிவதால் வருகிறது. 1987இல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. ஸ்கேன் அறிக்கையோ இன்றும் ஆங்கிலத்தில் வருகிறது. தோட்டத்துத் தாய் ஒருவருக்கு அதை அவர் மொழியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடமும் சிகிச்சையின் பகுதிதான். இலவச மருத்துவம் தரும் நாட்டில் அதையும் உரிமையாகவே கேட்போம்.