வாழைமர நோட்டின் விலை

பாட்டனார் காலத்துப் பெட்டியைத் திறக்கும்பொழுது, பத்திரங்களுக்கும் கடிதங்களுக்கும் இடையே பழைய பணத்தாள்கள் சில அகப்படுவது நம் நாட்டில் அபூர்வமன்று. சிறப்பாக, மலேயாவுக்குப் பிழைக்கச் சென்று மீண்ட குடும்பங்களில் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகள் இன்றும் கிடக்கின்றன. அவற்றைக் காட்டி, "இது எத்தனை லட்சம் பெறும்?" என்று என்னைக் கேட்கும் மாணவர் பலர். விடை கூறுமுன், அத்தாளின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர் ஜப்பானிய ஆட்சி மலேயாவில் புதிய டாலர் நோட்டுகளைப் பரப்பியது. பத்து டாலர்த் தாளில் வாழைமரம் வரையப்பட்டிருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். நாளடைவில் அப்பெயரே எல்லாத் தாள்களுக்கும் ஆயிற்று. அதனைத் தாங்கி நிற்கப் பொன்னுமில்லை, வேறு நிதியுமில்லை. வேண்டிய மட்டும் அச்சடித்தார்கள். விலைவாசி வானளாவ ஏறியது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்நோட்டுகள் செல்லாமற் போயின. தோட்டத் தொழிலாளியின் கூலியும், கடைக்காரரின் கல்லாப்பெட்டியும் வெறுங்காகிதமாயின. உழைத்துப் பெற்ற தாளை எறிய மனம் வருமா? கப்பலில் வரும்பொழுது உடன் கொண்டுவந்து விட்டார்கள்.

இத்துணைத் துயரம் தோய்ந்த தாளாயினும், சேகரிப்போர் சந்தையில் அது மலிவானதே. அளவின்றி அச்சானது அளவின்றி எஞ்சியும் இருக்கிறது. பழமை ஒன்றே விலையாகிவிடாது. தாளில் அச்சிட்ட தொகையும் விலையாகாது. எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் விரும்புகின்றனர், எந்நிலையில் உள்ளது என்பனவே விலையை வகுக்கின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள். தொடக்கத்தில் வந்த சில தாள்களில் மலேயாவைக் குறிக்கும் 'எம்' என்னும் எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தது. பின்னர் எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டனர். எண்ணுடைய தாள் அரிது. மற்றதைவிடப் பன்மடங்கு விலை பெறும். ஆகவே முதலில் எண்ணைத் தேடுங்கள்.

அடுத்தது தாளின் தரம். தாளை விளக்கொளிக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் மடிப்புகள் கோடுகளாகத் தெரியும். மடிப்பே காணாததும் முனை மழுங்காததும் முதல் தரம். நடுவே லேசான மடிப்பு ஒன்றிருப்பினும் தரம் ஒரு படி இறங்கும். மடிப்புகள் பெருகி, தாள் மொடமொடப்பை இழந்து, ஓரம் கிழியக் கிழிய மேலும் தாழும். இத்தரங்களை 1 முதல் 70 வரை எண்ணிட்டுக் கூறுவதும் உண்டு. வேடிக்கை என்னவெனில், இத்துறையில் 'குட்' எனப்படுவது நல்ல தாளன்று. கசங்கி நைந்த தாள்! விற்பவர் 'குட்' என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

நம் இந்திய நோட்டுகளில் மற்றொரு குறியைக் காணலாம். வங்கிகள் கட்டுகளை நெடுங்காலம் கம்பியூசியால் தைத்து வந்தமையால், ஒருமுறையும் கைமாறாத தாளிலும் துளைகள் இருக்கும். அயல்நாட்டார் இதனைக் குறையாகக் கொள்ளினும், நம் நாட்டுச் சேகரிப்போர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இது நியாயமென்றே நான் கருதுகிறேன்.

உண்மையான கேடு வீட்டிலேதான் நிகழ்கிறது. அழுக்கைப் போக்கச் சவர்க்கார நீரில் நனைக்கிறார்கள். சுருக்கம் நீங்க இஸ்திரி போடுகிறார்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். நனைத்த தாள் மொடமொடப்பையும் மையின் பொலிவையும் இழக்கும். நாடாவின் பசை மஞ்சள் கறையாக ஊறும். தேர்ந்தவர் கண்ணுக்கு இவை உடனே புலப்படும். பாதி விலையும் தேறாது. தாள் அழுக்காயிருப்பின் அழுக்காகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் உறையில் மடிக்காது இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பளபளக்கும் மலிவான பி.வி.சி. உறை ஆகாது; அது நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும்.

வீட்டில் முதியவர் இருப்பின், அத்தாள் எந்தத் தோட்டத்தில் எந்த வேலைக்குக் கிடைத்தது என்று கேட்டுத் தனிச்சீட்டில் குறித்து, உறையோடு சேர்த்து வையுங்கள். நோட்டின்மேல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.